வீட்டில் மரவேலை முடிந்து மீந்த துண்டுகளை வைத்துச் சுவருக்கு அலங்காரமாக ஏதாவது செய்ய முடியுமா?

தாராளமாகச் செய்யலாம். தேக்கு, வேங்கை, வேம்பு என்று நிறம் வேறுபட்ட துண்டுகளாக இருந்தால் இன்னும் நல்லது. சதுரமாக அறுத்து, ப்ளைவுட் மேல் நெருக்கி ஒட்டும் சுவர்ப்பலகையைத்தான் முதலில் சொல்வேன். இழைப்புளி பிடித்துப் பழக்கமில்லாதவர்களுக்கும் அது வரும்.

ஒன்றரை அடிக்கு ஓர் அடி பலகைக்கு 2 அங்குலச் சதுரம் 54 வேண்டும். கூட்டினால் 9 அடி நீளம். ஒவ்வொரு வெட்டிலும் ரம்பம் சுமார் 3 மி.மீ. தின்னும் என்பதால் 10 அடி ஒதுக்குங்கள். பின்பலகைக்கு 12 மி.மீ. ப்ளைவுட் போதும்.

ஓரத்தில் வெளிறிய பாகம் இருந்தால் கழித்துவிடுங்கள். வைரம் பாயாத அந்த வெள்ளையில்தான் வண்டு விழும். ஊசித்துளையும் மாவு மாதிரி தூளும் தெரிந்தால் அந்தத் துண்டே வேண்டாம், பக்கத்துத் துண்டுகளுக்கும் பரவும்.

பலர் சறுக்குவது அளவில். 2 அங்குல ரிப்பர் (ஒடுக்கமான நீளச் சட்டம்) என்று வாங்கியது இழைத்தபின் ஒன்றே முக்கால்தான் இருக்கும். அதை 2 அங்குல நீளத்தில் அறுத்தால் சதுரம் வராது, வரிசை கோணிக்கொண்டே போகும். உண்மையான அகலத்தை அளந்து, அதே நீளத்தில் அறுங்கள். எல்லாவற்றையும் தரையில் அடுக்கிப் பார்த்த பிறகே ப்ளைவுட்டை வெட்டுங்கள். சின்னத் துண்டைக் கையில் பிடித்து மெஷினில் அறுக்கவே கூடாது. நீளக் கட்டையைக் கிளாம்பில் இறுக்கி, முனையிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள்.

உப்புத்தாளை 80, 120, 220 என்ற எண் வரிசையில், சொரசொரப்பிலிருந்து மென்மைக்குத் தேயுங்கள். வார்னிஷை ஒட்டுவதற்கு முன்பே மேல்முகத்தில் அடித்துவிடுங்கள். பிதுங்கிய பசை வார்னிஷ் அடிக்காத மரத்தில் ஊறினால் அந்த இடம் வார்னிஷ் பிடிக்காமல் வெளுத்துத் தெரியும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் பக்கத்தைத் தின்னரால் துடைத்து, காய்ந்ததும் ஃபெவிகால் தடவுங்கள்.

ரேகை ஒரு துண்டில் நெடுக்காகவும் அடுத்ததில் குறுக்காகவும் வந்தால், ஒரே மரம்கூட வெளிச்சத்தில் இரண்டு நிறம் காட்டும். 12, 18, 25 மி.மீ. என்று தடிமனையும் மாற்றுங்கள். நடுவே சில துண்டுகளில் வெட்டுமுகம் (கட்டையைக் குறுக்கே அறுத்த முகம்) மேலே வரட்டும், வளையம் தெரிவது தனி அழகு. வெட்டுமுகம் பசையை உறிஞ்சிவிடும் என்பதால் அதற்கு மட்டும் மெல்லியதாக ஒரு பூச்சு, ஐந்து நிமிடம் விட்டு இன்னொன்று.

ஒட்டியதை ஒரு ராத்திரி பாரம் வைத்துக் காயவிடுங்கள். முடிந்த பலகையின் எடை ஏறக்குறைய 3 கிலோ வரும். ஒற்றை ஆணி வேண்டாம். மீந்த ரிப்பர் ஒன்றை நெடுக 45 டிகிரி சாய்வாக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சுவரில் பிளக் வைத்து ஸ்க்ரூவால் முடுக்குங்கள். மறுபாதி பலகையின் பின்னால், தலைகீழாக. இரண்டும் கொக்கி போலக் கவ்விக்கொள்ளும். கீழேயும் அதே தடிமனில் ஒரு கட்டை ஒட்டினால் பலகை நேராக நிற்கும், மழைக்காலத்தில் சுவர் ஈரமும் மரத்தைத் தொடாது.