மாட்டு டாக்டருக்கா என்று தயங்கும் பெற்றோருக்கு

கொரோனா மாதிரி இன்னொன்று வராமல் தடுக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள் உங்கள் மகள். அதற்கு எம்.பி.பி.எஸ். அல்லவா, கால்நடை மருத்துவம் எதற்கு என்கிறீர்கள். அவள் சரியாகத்தான் கேட்கிறாள் அம்மா.

1998-ல் மலேசியாவின் ஈப்போ பக்கம் பன்றி வளர்ப்பவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் அடங்கவில்லை. அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் சிறுபிள்ளைகளைத் தாக்கும். இங்கே படுத்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். பன்றிகளும் இருமின. 1999 மார்ச்சில்தான் அது புது வைரஸ் என்று தெரிந்தது. நிபா என்று இன்று நாம் அஞ்சுவது அதைத்தான். சுமார் 10 லட்சம் பன்றிகளை அழித்தார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பன்றியின் இருமலைப் படிக்கத் தெரிந்தவர்கள் முன்னால் நிற்க வேண்டிய இடம் அது.

வேலை எப்படி இருக்கும்? திடீரென்று செத்த மாட்டின் மூக்கில் உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் வழிந்தால், அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் என்று சந்தேகிக்க வேண்டும். உடலை அறுக்கவே கூடாது. காற்றுப் பட்டால் கிருமி, சாகாமல் உறங்கும் வித்தாகி, மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். காது ரத்தக்குழாயில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவ வேண்டும். குத்திய இடத்தைக் கிருமிநாசினிப் பஞ்சால் அடைத்து, ஆறடிக்குக் குறையாத குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். 'அறுத்துப் பார்த்துவிடலாம்' என்ற அவசரத்தால்தான் அறுத்தவருக்கே நோய் தொற்றுகிறது.

படிப்பு ஐந்தரை ஆண்டு, கடைசி ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண் போதும். 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கே நீட். பட்டத்தோடு நிறுத்தாதீர்கள். கால்நடைப் பொது சுகாதாரம், நோய்ப்பரவலியல் இவற்றில் இரண்டாண்டு முதுகலை படித்தால்தான் கால்நடை நோய்ப்பரவலை ஆராயும் பெங்களூரு நிவேதி (NIVEDI) நிறுவனம், போபாலின் உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் போன்ற இடங்களைக் குறிவைக்க முடியும். நாய்களைக் கையாளத் தொடங்கும் முன்பே வெறிநோய் முன்தடுப்பூசி மூன்று தவணையும் முடிந்திருக்கட்டும்: முதல் ஊசி, அதிலிருந்து 7-ம் நாள், பிறகு 21 அல்லது 28-ம் நாள்.

விண்ணப்பிக்கும் முன், கோமாரித் தடுப்பூசி முகாம் நடக்கும் காலையில் அவளைக் கூட்டிப்போய் நிறுத்துங்கள். மாடு உதைக்கும், சாணம் தெறிக்கும். மறுநாளும் போகலாமா என்று அவளே கேட்டால் பணத்தைக் கட்டுங்கள்.