மீன் தொட்டி கேள்வி பதில்: தண்ணி மாத்தியும் நைட்ரேட் இறங்க மாட்டேங்குதே!

கேள்வி: கொளத்தூர்ல வாங்குன மூணடி டேங்க், சுமாரா 100 லிட்டர் பிடிக்கும், ஒரு வருஷமா ஓடுது. அஞ்சு கோல்ட்ஃபிஷ், ஒரு சக்கர் (கண்ணாடில ஒட்டிக்கிட்டு பாசி தின்னுற மீன்). வாராவாரம் பாதி தண்ணி மாத்துறேன் சார், எங்க வீட்டு போர் தண்ணிதான், ஆன்டி குளோரினும் விடுறேன். கலர் பாத்து சொல்ற டெஸ்ட் கிட்ல, மாத்துறதுக்கு முன்னாடி நைட்ரேட் லிட்டருக்கு 80 மில்லிகிராம், மாத்தின உடனே பாத்தா 80க்கும் 40க்கும் நடுவுல ஒரு சிவப்பு, 60னு வச்சுக்கிட்டேன். கடைக்காரர் பெரிய ஃபில்டர் போடுங்கறார். போடவா?
(பெரம்பூர் வாசகி)

பதில்: போடாதீங்கம்மா, காசு மிச்சம். நைட்ரேட்ட உண்டாக்குறதே ஃபில்டர்தான். மீன் கழிவு, மிச்ச தீனி எல்லாம் அம்மோனியாவாகும், ஃபில்டர் ஸ்பாஞ்ச்ல உக்காந்திருக்கிற பாக்டீரியா அத நைட்ரைட்டாக்கி அப்புறம் நைட்ரேட்டாக்கும். முதல் ரெண்டும் கொஞ்சம் இருந்தாலே விஷம், நைட்ரேட் அவ்ளோ மோசமில்ல, ஆனா அதோட ஃபில்டர் வேலை முடிஞ்சுது. அங்கருந்து வெளிய அனுப்புறது நம்ம பாடு, இல்லன்னா செடி பாடு.

உங்க கேள்விலயே பதில் இருக்கு பாருங்க. 80ல பாதிய எடுத்துட்டு சுத்தமான தண்ணி ஊத்தினா 40 வரணும், உங்களுக்கு 60 வருதுன்னா ஊத்துற தண்ணிலயே 40 இருக்குன்னு அர்த்தம். அதே தண்ணிய மறுபடி மறுபடி மாத்தினாலும் 60, 50, 45னு 40 பக்கத்துல போய் நின்னுக்கும், அதுக்குக் கீழ இறங்காது, நடுவுல மீன் வேற சேத்துக்கிட்டே இருக்கும். அதனால இன்னிக்கே மோட்டர் போட்டு குழாய் தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க, டேங்க்க அப்புறம் பாத்துக்கலாம். டெஸ்ட் கிட்ல இருக்கிற ரெண்டாவது பாட்டில்ல பவுடர் அடில படிஞ்சிருக்கும், கை வலிக்கிற வரைக்கும் குலுக்கணும், இல்லன்னா கம்மியா காட்டி ஏமாத்தும். 40க்கும் 80க்கும் கலர் வித்தியாசம் தெரியலன்னா, பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர சரிக்குச் சரி கலந்து டெஸ்ட் பண்ணி வர்ற நம்பர ரெண்டால பெருக்கிக்கோங்க.

நெருக்கமா வீடு இருக்கிற ஏரியால செப்டிக் டேங்க், சாக்கடை ஊறல் நிலத்தடில கலந்தா போர் தண்ணில நைட்ரேட் ஏறும். குடிநீருக்கே நம்ம நாட்டு அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், அதாவது குடிக்க பாஸான தண்ணி மீனுக்கு ஆரம்பத்துலயே 45. (45 தாண்டுச்சுன்னா கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணில பால் கலக்காதீங்க, கொதிக்க வச்சாலும் நைட்ரேட் போகாது, தண்ணி சுண்டி இன்னும் கூடத்தான் செய்யும்.) ஆன்டி குளோரினும் இதுக்கு ஒண்ணும் பண்ணாது, அது குளோரினுக்கு மட்டும்தான்.

அப்ப என்ன பண்றது? மெட்ரோ வாட்டர் வருதுன்னா அத டெஸ்ட் பண்ணுங்க, கம்மியா இருந்தா அதயே ஊத்தலாம், அதுக்குத்தான் ஆன்டி குளோரின் கட்டாயம் வேணும். இல்லன்னா போர் தண்ணி பாதி, ஆர்ஓ தண்ணி பாதி, 40 இருக்கிறது 20 பக்கம் வந்துரும். முழுக்க ஆர்ஓ வேணாம், உப்பே இல்லாத தண்ணில பிஹெச் (தண்ணியோட அமில, கார அளவு) நிக்காது, கோல்ட்ஃபிஷ்ஷும் அத விரும்பாது. இன்னொண்ணு, ஆர்ஓ மிஷின் வெளிய தள்ளுற வேஸ்ட் தண்ணி வீணா போகுதேன்னு நான் ஆறு மாசம் டேங்க்ல ஊத்திட்டிருந்தேன், சிக்கனம்னு வீட்ல பெருமை வேற. ஆர்ஓ பிரிச்ச நைட்ரேட் பூரா அதுலதான் வரும்னு அப்புறம்தான் மண்டைல ஏறுச்சு. அத வீடு துடைக்க வச்சுக்கோங்க.

ஒரே நாள்ல இறக்காதீங்க. ரொம்ப நாள் பழசான டேங்க்ல பிஹெச்சும் இறங்கியிருக்கும், திடீர்னு நிறைய புதுத் தண்ணி விட்டு பிஹெச் ஏறினா தேங்கியிருக்கிற அம்மோனியாவோட விஷம் கூடிரும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவ கால்வாசி போதும். 40க்குள்ள வந்தா நிம்மதி, 20னா இன்னும் நல்லது.

டேங்க் ஓரத்துல மணிபிளான்ட் கொடி நாலஞ்சு சொருகுங்க, வேர் மட்டும் தண்ணில, இலை வெளிய. நைட்ரேட்ட நல்லாவே உறிஞ்சும், கோல்ட்ஃபிஷ் வேரக் கொறிக்கும்தான், பரவால்ல. தீனி ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவுதான்.

கடைசியா கோவிச்சுக்காதீங்க, 100 லிட்டருக்கு அஞ்சு கோல்ட்ஃபிஷ் ஜாஸ்தி, சக்கர் வேற ஒரு அடிக்கு மேல வளரும். ரெண்ட மட்டும் வச்சுக்கிட்டு மத்தத பெரிய டேங்க் இருக்கிறவங்களுக்கு குடுத்துருங்க. பாவம்னு சக்கர ஏரில மட்டும் விட்றாதீங்க, அங்க இருக்கிற நம்மூரு மீனுக்கு அது ஆபத்து.

கேள்வி: புது டேங்க், ரெண்டு வாரம் ஆச்சு. நைட்ரேட் 0 காட்டுது, ஆனா கப்பி மீன் எல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. தண்ணி சுத்தமாத்தானே இருக்கு?
(வேளச்சேரி வாசகர்)

பதில்: சுத்தமில்ல, உங்க ஃபில்டர்ல இன்னும் பாக்டீரியாவே வரல, அதான் 0. அம்மோனியா, நைட்ரைட் டெஸ்ட் உடனே பண்ணுங்க. பண்றதுக்கு முன்னாடியே மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்திட்டு, ஏர் பம்ப் போட்டு, தீனிய ரெண்டு நாள் நிறுத்துங்க. தெரிஞ்சவங்க யாராவது நோயில்லாத பழைய டேங்க் வச்சிருந்தா அவங்க ஃபில்டர் ஸ்பாஞ்ச்ல பாதி வாங்கி உங்க ஃபில்டர்ல சொருகுங்க. வழில காய விடாம அந்த டேங்க் தண்ணிலயே போட்டு எடுத்துட்டு வாங்க, குழாய்ல மட்டும் கழுவிடாதீங்க.