சட்டக் கேள்வி – பதில்: சாட்சியம் காகிதத்தில் ஏறும்போது

கேள்வி: எங்கள் பாகப்பிரிவினை வழக்கில் நான் வா.சா.1, அதாவது வாதி தரப்பின் முதல் சாட்சி. அப்பாவின் உயிலைப் பற்றிக் குறுக்கு விசாரணையில் கேட்டபோது, "அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை" என்றேன். இப்போது நகல் வாங்கிப் பார்த்தால், "உயிலைப் பற்றி எனக்குத் தெரியும்" என்று மட்டும் இருக்கிறது. கையொப்பமும் போட்டுவிட்டேன். திருத்த முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மன்னார்குடி

பதில்: வழி உண்டு, ஆனால் கையொப்பத்துக்கு முன் ஒரு வார்த்தை சொல்லி முடித்திருக்கக்கூடிய காரியத்துக்கு இனி மனுவும் வாதமும் உத்தரவும் தேவைப்படும்.

2002-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், உரிமையியல் (சிவில்) வழக்குகளில் முதல் விசாரணை, அதாவது சாட்சி தன் தரப்புக்காகச் சொல்வது, எழுத்து வடிவப் பிரமாண வாக்குமூலமாகவே தாக்கலாகிறது. வாய்மொழியாக நடப்பது பெரும்பாலும் குறுக்கு விசாரணைதான். அங்கும் நீங்கள் பேசியது பேசியபடியே ஏறுவதில்லை. வழக்கறிஞரின் கேள்வியையும் உங்கள் பதிலையும் சேர்த்து நீதிபதி ஒரே வாக்கியமாகச் சொல்ல, தட்டச்சர் அடிக்கிறார். "உங்கள் தம்பிதான் வீட்டுக்குப் பணம் கொடுத்தார் என்கிறேன்" என்று வழக்கறிஞர் கேட்டு, "அது பொய்ங்க" என்று நீங்கள் சொன்னால், "என் தம்பிதான் வீட்டுக்குப் பணம் கொடுத்தார் என்று சொன்னால் சரியல்ல" என்று பதிவாகும். அந்தக் கடைசிச் சொல் "சரிதான்" என்று மாறிவிட்டால் வழக்கே தலைகீழாகிவிடும். உங்களுக்கு நேர்ந்தது இதைவிட நுட்பமானது: பதிலின் முதல் பாதி ஏறியது, இரண்டாம் பாதி விடுபட்டது.

இதைத் தடுக்கச் சட்டத்திலேயே இடம் இருந்தும் பலர் பயன்படுத்துவதில்லை என்பது என் வருத்தம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 18-ஆம் கட்டளை, 10-ஆம் விதியின்படி, தனிக் காரணம் இருந்தால் குறிப்பிட்ட ஒரு கேள்வியையும் பதிலையும் அப்படியே கேள்வி-பதில் வடிவில் பதியும்படி உங்கள் வழக்கறிஞர் கேட்கலாம். உயில் போன்ற விஷயம் வந்தவுடனேயே அவர் எழுந்து கேட்டிருக்க வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியதற்கு வருவோம். உங்கள் சாட்சியம் இன்னும் முடித்துவைக்கப்படவில்லை என்றால், மறு விசாரணையில், அதாவது குறுக்கு விசாரணைக்குப் பின் உங்கள் வழக்கறிஞரே உங்களைக் கேட்கும்போது, அந்த ஒரு பதிலை விளக்கிவிடலாம்; அதுவே எளிய வழி. முடிந்துவிட்டது என்றால், சாட்சியைத் திரும்ப அழைக்கும்படி அதே கட்டளையின் 17-ஆம் விதியின் கீழ் மனுச் செய்யலாம். ஆனால் அந்த விதி நீதிமன்றம் தன் ஐயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வதற்கே உரியது, விட்டுப்போனதை நிரப்புவதற்கு அல்ல என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. தேவையான வழக்கில், நீதி கிடைக்க வேண்டியதைச் செய்ய நீதிமன்றத்துக்கு இயல்பாகவே உள்ள அதிகாரத்தை (அதே சட்டத்தின் 151-ஆம் பிரிவு) பயன்படுத்தலாம் என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. எதுவானாலும் தாமதிக்காதீர்கள். நீதிமன்றத்தில் நடந்ததாகப் பதிவானதில் தவறு இருந்தால், அதே நீதிபதியிடம், அவர் நினைவில் அது பசுமையாக இருக்கும்போதே முறையிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1982-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. மேல்முறையீட்டில் போய் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால் எடுபடாது.

கேள்வி: எங்கள் வழக்கில், சாட்சியம் பதிய நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் முன்பாகக் குறுக்கு விசாரணை நடக்கிறது. நாங்கள் ஆட்சேபித்த கேள்வியை அவர் அனுமதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இது சரியா?
– ஒரு வாசகி, ஓமலூர்

பதில்: சரிதான். ஆணையர் ஆட்சேபத்தைப் பதிவு செய்வார். முடிவு, வாதத்தின்போது நீதிமன்றத்தினுடையது. அது பதிவாகியிருக்கிறதா என்பதை மட்டும் அன்றன்றே பாருங்கள். ஆணையரைக் கொண்டு சாட்சியம் பதியும் இந்த முறையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர்கள் உங்கள் பக்கத்துச் சேலம் வழக்கறிஞர் சங்கத்தினர்தாம். 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் முறையை ஏற்றுக்கொண்டது.

கேள்வி: அமெரிக்காவில் பணிபுரியும் என் மகனை, அவன் நிறுவனத்தின் மீதான வழக்கில் 'டெபாசிஷன்' தர அழைத்திருக்கிறார்கள். நீதிபதியே இல்லாமல் சாட்சியமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: ஆம். அது பெரும்பாலும் வழக்கறிஞர் அலுவலகத்தில், நீதிமன்றத்தில் வழக்கு விசாரணை (ட்ரையல்) தொடங்குவதற்கு வெகு முன்பே நடக்கும். சாட்சியத்தைப் பதியும் 'கோர்ட் ரிப்போர்ட்டர்' உறுதிமொழி வாங்கிக்கொண்டு, கேள்வியையும் பதிலையும் 'ஸ்டெனோடைப்' என்ற சுருக்கெழுத்துக் கருவியில் சொல்லுக்குச் சொல் பதிவார். ஆகவே தலையசைத்தாலோ "ம்ஹூம்" என்றாலோ போதாது; ஆம், இல்லை என்று வாய்திறந்து சொல்லச் சொல்லுங்கள். கூட்டாட்சி நீதிமன்ற விதிப்படி, வேறு உத்தரவோ உடன்பாடோ இல்லையெனில், ஒரே நாளில் 7 மணி நேரம்தான் எல்லை. மாநில நீதிமன்றங்களுக்குத் தனி விதிகள் உண்டு.

எழுத்துப்படியைப் படித்துப் பார்க்கும் உரிமை தானாக வந்துவிடாது. டெபாசிஷன் முடிவதற்குள் அவனோ வழக்கின் தரப்பினரில் ஒருவரோ கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால், படி தயார் என்ற அறிவிப்பு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் திருத்தங்களையும் அவற்றுக்கான காரணங்களையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தரலாம். எழுத்துப்பிழையைத் திருத்துவதில் சிக்கல் இல்லை. "ஆம்" என்றதை "இல்லை" என்று மாற்ற முயன்றால், அதை எவ்வளவு தூரம் ஏற்பது என்பதில் அங்குள்ள நீதிமன்றங்களே வேறுபடுகின்றன. பழைய பதிலும் படியில் அழியாமல் நிற்பதால், எதிர்த்தரப்பு இரண்டையும் வைத்துக்கொண்டு அவனைக் கேள்வி கேட்கும். நிறுவனத்தின் வழக்கறிஞர் நிறுவனத்துக்காகவே பேசுவார் என்பதால், போகுமுன் தனக்கெனத் தனி வழக்கறிஞர் தேவையா என்று அவன் விசாரித்துக்கொள்வது நல்லது.