ஜூம் இருக்கிறது, குருவி எங்கே?

நெடுந்தொலைவு ஜூம் கேமராவில் பறவைகளைப் படமெடுப்பது பற்றி நம் குழு நண்பர்கள் கேட்டவை இவை. நான் எட்டு ஆண்டுகளாக நிக்கான் பி900 வைத்திருப்பவன். பதில்களில் அந்தக் கேமராவின் வாசம் கொஞ்சம் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கப் போகிறேன் அண்ணா. 83 மடங்கு ஜூமா, 125 மடங்கா?

மடங்கைப் பார்த்து மயங்காதீர்கள் தம்பி. 2015இல் வந்த பி900, 2020இல் வந்த பி950 இரண்டும் 83 மடங்கு, பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் லென்ஸ் கணக்கில் சொன்னால் 2000 மி.மீ. (எண் கூடக் கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும்). 2018இல் வந்த பி1000தான் அந்த 125 மடங்கு, அதே கணக்கில் 3000 மி.மீ. வரை எட்டும், ஆனால் எடை 1.4 கிலோ. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இவை எல்லாவற்றிலும் சென்சார், அதாவது ஒளியைப் படமாக மாற்றும் சில்லு, உங்கள் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, சுமார் 6.2க்கு 4.6 மி.மீ. பெரிய கேமராவின் முழு அளவு சென்சாரில் முப்பதில் ஒரு பங்கு. வெளிச்சம் குறைந்ததும் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வருவது இதனால்தான். ஒளி உணர்திறனைக் கூட்டும் ஐஎஸ்ஓவை 400க்குமேல் ஏற்ற எனக்கு மனம் வராது. சோனி ஆர்எக்ஸ்10 வரிசையின் நான்காவது கேமரா 600 மி.மீ.யோடு நின்றுவிடுகிறது. ஆனால் அதன் சென்சார் நான்கு மடங்கு பெரியது. சோலைக்காட்டு நிழலில் எடுப்பவர்களுக்கு அதுதான் மேல், விலையும் மேல். இன்று வாங்குவதானால் நான் பி950 வாங்குவேன். அதில் ரா கோப்பு (கேமரா சுருக்காத, பின்னால் திருத்த வசதியான மூலப் படம்) கிடைக்கும், என்னுடையதில் கிடையாது.

கேள்வி: பள்ளிக்கரணையில் காலை பத்தரை மணிக்குப் பூநாரைகளை எடுத்தேன். எல்லாம் தண்ணீருக்கடியில் நிற்பதுபோல் நெளிகின்றன. லென்ஸ் பழுதா?

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. பழுது உங்களுக்கும் பூநாரைக்கும் நடுவில் இருக்கும் காற்றில். வெயில் ஏறியதும் சேறும் சாலையும் சூடாகி, மேலெழும் காற்று ஒளியை வளைத்து வளைத்து அனுப்புகிறது. தார்ச்சாலையில் கானல் தெரிகிறதே, அதே சங்கதி. ஜூம் பறவையைப் பெரிதாக்கும்போது அந்த நெளிவையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறது. கோடியக்கரையில் ஒருநாள் பதினொரு மணிக்குமேல் சுமார் 400 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றுகூடத் தேறவில்லை. மனைவி மட்டும் "ஓவியம்போல் இருக்கிறது" என்றாள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 2000 மி.மீ.யில், 30 மீட்டர் தள்ளி இருக்கும் இடத்தில் படச் சட்டகத்துக்குள் அடங்கும் அகலம் 54 செ.மீ. வெண்மார்பு மீன்கொத்தி ஏறத்தாழ 28 செ.மீ. நீளம், ஆகவே பாதிச் சட்டகத்தை அடைத்துவிடும். அதற்குமேல் என்ன வேண்டும்? 200 மீட்டரில் நிற்பதை எடுக்க ஆசைப்படாமல், 30 மீட்டருக்குள் தானாக வருவதற்குக் காத்திருங்கள். காலை ஆறரை மணிக்குப் போங்கள், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். படத்தை வெட்டிப் பெரிதாக்க மட்டுமே செய்யும் டிஜிட்டல் ஜூமை மெனுவிலேயே அணைத்துவிடுங்கள்.

கேள்வி: முழு ஜூமில் கிளையில் இருக்கும் குருவியைக் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்துவிடுகிறது.

எல்லாருக்கும் நேர்வதுதான். முழு ஜூமில் தெரிவது இரண்டு முழுநிலாக்கள் பக்கம் பக்கமாக அடங்கும் அளவுக்கே. ஜூமைக் குறைத்துப் பறவையை நடுவில் வைத்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். நழுவினால் லென்சின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்திப் பிடித்தால் காட்சி விரியும், விட்டால் பழைய ஜூமுக்கே திரும்பும். பலரும் அதைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. ஃபோகஸ் புள்ளியை மிகச் சிறியதாக வையுங்கள், இல்லையென்றால் கேமரா முன்னால் இருக்கும் இலையைத்தான் பிடிக்கும்.

கேள்வி: கொக்கு எப்போதும் சுண்ணாம்பு பூசியதுபோல் வருகிறது. இறகே தெரியவில்லை.

எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, 0.7 அல்லது 1 குறையுங்கள். கறுப்பான கரிச்சானுக்கு அதே அளவு கூட்டுங்கள். இதில் மடையான் ஒரு வில்லன். வரப்பில் உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம். எழும்பியதும் வெள்ளை வெளேரென்ற இறக்கை. உட்கார்ந்த நிலைக்கு வைத்த அளவு பறக்கும்போது உதவாது. எதை எடுக்கப்போகிறீர்கள் என்று முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: பறக்கும் பறவையை இந்தக் கேமராவில் எடுக்கவே முடியாதா சார்?

கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை போல நிதானமாகப் பறப்பவற்றை எடுக்கலாம். ஜூமைப் பாதிக்குக் குறைத்து, ஷட்டர் வேகம் 1/1000 விநாடிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறிய பறவைகளைத் துரத்துவது வீண். பச்சைப் பஞ்சுருட்டானைக் கவனியுங்கள். கம்பியிலிருந்து பாய்ந்து, தும்பியைப் பிடித்து, பெரும்பாலும் அதே கம்பிக்கே திரும்பி, அதைக் கம்பியில் அடித்துக் கொன்றபிறகே விழுங்கும். கம்பியில் ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் வந்து இறங்கும்போது எடுத்துவிடலாம். பருந்து வகைகள் கிளம்புவதற்குச் சற்று முன் பல நேரம் எச்சமிடும். அதைப் பார்த்ததும் விரலைப் பொத்தானில் வையுங்கள்.

கேள்வி: கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டால் பறவை பக்கத்தில் வருகிறதே, செய்யலாமா?

வேண்டாம். தன் எல்லைக்குள் அந்நியன் புகுந்துவிட்டான் என்று எண்ணிச் சண்டைக்கு வருகிறது அது. கூட்டுக்கு அருகிலும் போகாதீர்கள். நீங்கள் விலக்கிய இலையின் வழியாகக் காகம் முட்டையைப் பார்க்கும்.

கேள்வி: டிரைபாட் (முக்காலி) அவசியமா?

நிலாவுக்கு அவசியம். பறவைக்கு மரத்தில் சாய்ந்துகொண்டால் போதும்.

கேள்வி: முழங்கால் வலியால் ஏரி, குளம் என்று அலைய முடியவில்லை. கேமராவோ மகன் வாங்கித் தந்தது. வீட்டுக் கொல்லையில் என்ன கிடைக்கும்?

அம்மா, உங்கள்மேல்தான் எனக்குப் பொறாமை. முருங்கை பூத்திருந்தால் ஊதாத் தேன்சிட்டு தானாக வரும். தையல்சிட்டு செடி மறைவில் கத்திக்கொண்டிருக்கும். கோடையில் அகலமான மண்தட்டில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல் போட்டு, நிழலில் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். தட்டுக்கு ஏழெட்டு மீட்டர் தள்ளி, சன்னலுக்குள் நாற்காலி போட்டு உட்காருங்கள். திரைச்சீலை பாதி மூடியிருக்கட்டும். முதல் மூன்று நாள் காகம் மட்டுமே வந்து எங்கிருந்தோ கொண்டுவந்த வடையை நனைத்துத் தின்னும். அதையும் எடுங்கள், கறுப்புக்கு எக்ஸ்போஷர் கூட்டிப் பழகலாம்.