கச்சான் வேரிலுள்ள பற்றீரியாப் புரதத்தின் வேலையைப் பளிங்கமைப்பிலிருந்து எப்படி அறிகிறார்கள்?

புரதத்தின் பளிங்கமைப்பு என்பது, அதன் அணுக்கள் எங்கெங்கே நிற்கின்றன என்ற வரைபடம். தூய புரதக் கரைசலிலிருந்து மெல்ல மெல்ல நீரை இழுத்தால் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிப் பளிங்காகும். அவசரப்பட்டால் வெறும் வண்டல்தான் மிஞ்சும். பளிங்கில் எக்ஸ்-கதிர் பட்டுச் சிதறும் புள்ளிகளிலிருந்து அணுக்களின் இடத்தைக் கணிக்கிறார்கள்.

முல்லைத்தீவு மணலில் கச்சான் பிடுங்கும்போது வேர்ச் சிறுகணு (பற்றீரியா குடியிருக்கும் சிறு முடிச்சு) ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. பச்சை, மண்ணிறம் என்றால் ஓய்ந்துவிட்டது. அங்கே பற்றீரியாவின் நைதரசனேசு என்ற புரதம் காற்றின் நைதரசனை அமோனியாவாக்குகிறது. மண்ணில் தனித்து வாழும் அசற்றோபக்டர் என்ற பற்றீரியாவிலிருந்து எடுத்த இதே வகைப் புரதத்தின் கட்டமைப்பு 1992இல் வெளியானது. ஒட்சிசன் பட்டாலே கெட்டுவிடும் புரதம் இது. காற்றுப் படாமல் பளிங்கு வளர்த்ததே பெரிய சாதனை.

புரதத்தின் ஆழத்தில் 7 இரும்பு, 9 கந்தகம், 1 மொலிப்டினம், நடுவில் 1 காபன் கொண்ட அணுக்கொத்து. மேற்பரப்பில் இன்னொரு இரும்புப் புரதம் வந்து பொருந்தும் இடம். இடையில் 8 இரும்புள்ள வேறொரு கொத்து. இந்த வரிசைதான் வேலையைக் காட்டிக்கொடுத்தது: கூரை வேயும்போது ஆட்கள் வரிசையாக நின்று ஓடுகளைக் கைமாற்றுவதுபோல இலத்திரன்கள் உள்ளே போகின்றன. ஒரு நைதரசன் மூலக்கூறுக்கு 8 இலத்திரனும் குறைந்தது 16 ஏரீபீயும் (கலத்தின் சக்தி மூலக்கூறு) செலவாகும். சக்தி செடியின் சீனியிலிருந்து வருகிறது. யூரியாவை அள்ளிப் போட்டால் செடி சிறுகணுவைக் குறைத்துக்கொள்வதும் இதனால்தான்.

கச்சான் தானே காற்றிலிருந்து நைதரசனை எடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் புரதத்துக்கான மரபணு செடியிடம் இல்லை, பற்றீரியாவிடம்தான் இருக்கிறது.