கொக்கை எண்ணினால் சோறு கிடைக்குமா?

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பையன் பிளஸ் டூ. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பைனாகுலரை மாட்டிக்கொண்டு குளத்தங்கரைக்குப் போய்விடுகிறான். போன தை மாதம் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போய் வந்ததிலிருந்து, “சுற்றுச்சூழல்தான் படிப்பேன்” என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். உங்கள் அண்ணனோ கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிடச் சொல்கிறார். கடைசியில், “கொக்கை எண்ணினால் சோறு கிடைக்குமா சார்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொக்கை மட்டும் எண்ணினால் கிடைக்காது. ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “மூணு வருஷமா ஒரு நோட்டுல தேதி போட்டு என்னத்தையோ எழுதி வைக்கிறான்.” என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த வரிதான்.

அவன் என்ன எழுதுகிறான் என்று எனக்கு ஓரளவு தெரியும். அந்தக் கணக்கெடுப்பு 2011-இலிருந்து நடக்கிறது, நானும் ஒரு வருஷம் போயிருக்கிறேன். காலை ஆறரை மணிக்குக் கரையில் நிற்க வேண்டும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி இடம் பிடிக்காவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து தண்ணீரில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு அதே அளவை வைத்துக் கூட்டத்தை வரிசையாக அளந்துகொண்டே போகிறார்கள். பக்கத்தில் ஒருவர் படிவத்தில் குறிக்கிறார். நடுவில் ஒரு பருந்து வந்து கூட்டம் எழும்பிவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து. ஊசிவால் வாத்துகளை நான் நானூறு என்றேன். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் அறுநூற்றுக்கு மேல் என்றாள். மறுபடி எண்ணிப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. மூன்று வருஷம் இந்தப் பழக்கத்தில் இருக்கிற பையனுக்குப் புள்ளியியலில் பாதி ஏற்கனவே கைவந்திருக்கிறது. அதற்குப் பெயர்தான் அவனுக்கு இன்னும் தெரியாது.

இந்த நோட்டு எதற்கு ஆகும் என்று கேட்பீர்கள். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் அந்தப் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் வந்தது. சுற்றுவட்டார மக்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. கூட்டத்தின் குரல் பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் இங்கே என்னென்ன பறவை இருக்கிறது, எத்தனை குளம், எத்தனை சுனை என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தவர்கள் இருந்ததால்தான் அந்தக் குரலுக்குக் கையில் ஒரு தாள் இருந்தது. பல்லுயிர்ச் சட்டம் 2002-இன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அந்த ஊரில் உள்ள செடி, பறவை, விலங்கையெல்லாம் குறித்து வைக்கிற மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். உங்கள் பஞ்சாயத்து அலுவலகத்தில் அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லித் தம்பியை அனுப்பிப் பாருங்கள். பீரோவைத் திறந்து தேடுவார்களா, அப்படி ஒன்று இருக்கிறதா என்று அவனையே கேட்பார்களா என்பதிலிருந்து இந்த வேலைக்கு ஆள் எவ்வளவு தேவை என்று அவனுக்கே புரியும்.

இன்னொரு ஊர், ஓடந்துறை. மேட்டுப்பாளையம் பக்கம். குடிநீர் மோட்டார்கள் பெருகியதும் பஞ்சாயத்தின் கரண்ட் பில் எகிறியது. அப்போதைய தலைவர் சண்முகம் முதலில் விறகுக் கழிவிலிருந்து வாயு எடுத்து மோட்டார் ஓட்டிப் பார்த்தார். அப்புறம் 2006-இல் பஞ்சாயத்தே சொந்தமாக ஒரு காற்றாலை வாங்கியது. 350 கிலோவாட், விலை ஒன்றரைக் கோடிக்குக் கொஞ்சம் மேல். கையிருப்பு போக மீதி வங்கிக் கடன். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை! காற்று நன்றாக வீசுகிற உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நிற்கிறது. ஊர்த் தேவை போக மிஞ்சுகிற மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். மரம் நடுவோம், பூமியைக் காப்போம் என்று பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து, இத்தனை யூனிட் வரும், இத்தனை வருஷத்தில் கடன் அடையும் என்று கணக்குப் போட்டுக் காட்ட ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள்தான் அபூர்வம்.

அதனால் தம்பியிடம் நான் சொல்லப்போவது இதுதான். குளத்தை விடாதே, ஆனால் அதோடு சம்பளம் தருகிற ஒரு கைவித்தையையும் கற்றுக்கொள்.

அவன் படிப்பது உயிரியல்-கணிதம் சேர்ந்த பிரிவு, அது நல்லதாகப் போயிற்று. என் முதல் விருப்பம் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வனவியல் பட்டம். நான்கு வருஷம், வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கை வழியாகப் போக வேண்டும். கட்-ஆஃப் எட்டாவிட்டால் பக்கத்துக் கல்லூரியில் விலங்கியலோ புள்ளியியலோ போதும். அப்புறம் மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வன உயிரியல் முதுகலை இருக்கிறது. டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனமும் இருக்கிறது. அங்கே நுழைவுத் தேர்வு உண்டு, இடங்கள் சொற்பம்.

இளங்கலையிலேயே “காலநிலை”, “பசுமை” என்று பெயர் வைத்த படிப்பில் சேர்க்காதீர்கள். இந்திய வனப் பணித் தேர்வு எழுத விலங்கியல், தாவரவியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல் என்கிற ஜியாலஜி, கால்நடை மருத்துவம் இவற்றில் ஒன்றாவது பட்டப்படிப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். படிப்பின் பெயரில் பசுமை இருப்பதாலேயே அந்தக் கதவு திறந்துவிடாது. வேடிக்கை என்னவென்றால், உங்கள் அண்ணன் சொல்கிற கம்ப்யூட்டர் சயின்ஸை பி.இ.யாகப் படித்தால் அவன் வனப் பணித் தேர்வு எழுதலாம், பி.எஸ்சி.யாகப் படித்தால் மேலே சொன்ன பாடங்களில் ஒன்றும் அதில் இருந்தால்தான் முடியும். இதை அண்ணனிடம் சொல்லுங்கள், பேச்சு கொஞ்சம் சமாதானமாகும்.

பட்டம் வரை காத்திருக்க வேண்டாம் என்றால், வனக்காப்பாளர் வேலை 2024 முதல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வோடு சேர்ந்துவிட்டது. ஆண்கள் 25 கிலோமீட்டரை 4 மணி நேரத்தில் நடந்து முடிக்க வேண்டும். குளம் குளமாக அலைகிறவனுக்கு இதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆராய்ச்சித் திட்டங்களில் சேர்கிற வேலையைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நெட் அல்லது கேட் என்கிற தேசியத் தேர்வு தேறி ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும், அடுத்த திட்டம் தேட வேண்டும். முப்பது வயதுவரை இப்படி ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். மஸ்கட்டிலிருந்து வருகிற பணத்தை நம்பியிருக்கிற வீட்டுக்கு இது சரிப்படுமா என்று நீங்கள் மூவரும் உட்கார்ந்து பேச வேண்டும். நான் முடிவு சொல்ல முடியாது.

சீக்கிரம் சம்பாதித்தே ஆக வேண்டும் என்ற நிலைமை என்றால் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ. இதை இரண்டாந்தரம் என்று நினைக்காதீர்கள். கயத்தாறு, முப்பந்தல் பக்கமெல்லாம் காற்றாலை. கங்கைகொண்டானில் டாடாவின் சோலார் தொழிற்சாலை. வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய் மானியம் தருகிறது. அதை ஒழுங்காகப் பொருத்த ஆள் வேண்டும். கேட்டால் தம்பி முகம் சுளிப்பான். அவனிடம் ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள். உங்கள் வீட்டு இரண்டு மாத கரண்ட் பில்லை எடுக்கட்டும். முதல் நூறு யூனிட் இலவசம். ஒரு கிலோவாட் சோலார் நம் ஊர் வெயிலுக்கு நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும் என்று அவனே போட்டுக் கொண்டுவரட்டும். அந்தக் கணக்கில் ருசி தட்டினால் டிப்ளமோவே போதும். தலைவலி வந்தால் விலங்கியல்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆறு மாதத்தில் “கிளைமேட் எக்ஸ்பர்ட்” ஆக்குகிறோம் என்று இன்ஸ்டாகிராமில் வருகிற சான்றிதழ்களுக்குப் பணம் கட்டாதீர்கள். என்னிடம் வந்த ஒரு பெண் இப்படி எழுபதாயிரம் கட்டிப் படித்து, கையில் பளபளவென்று ஒரு அட்டையோடு உட்கார்ந்திருந்தாள். பதிவேட்டுப் படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னேன். நாட்டுக்கருவேலுக்கும் சீமைக்கருவேலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவளைக் குறை சொல்லி என்ன பயன், அந்தப் படிப்பில் ஒருநாளும் அவளை வெளியே கூட்டிப்போகவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துப் பால்பாண்டியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்தவர். உங்கள் பயம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். ஊரே கொண்டாடும், வீட்டில் உலை வைக்க யோசிக்க வேண்டும், நம் பிள்ளையும் அப்படி ஆகிவிடுவானோ என்று. நியாயமான பயம். அதைப் பையனிடம் நேராகவே சொல்லுங்கள். “படிப்பு கெட்டுப்போகும்” என்று சுற்றி வளைத்தால் அவன் எதிர்த்துத்தான் பேசுவான். கடன் எவ்வளவு, அப்பா எத்தனை வருஷம் அங்கே இருப்பார் என்று எண்ணைச் சொன்னால் கேட்பான். எண்ணுகிற பையன் அவன்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் இருவரும் வாருங்கள். மார்க் ஷீட் ஜெராக்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்த நோட்டை எடுத்து வரச் சொல்லுங்கள்.