மின்னிதழுக்குக் கட்டுரை அனுப்புகிறவர்களுக்கு: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் கணினிப் பயனர் வட்டத்தின் மாத மின்னிதழைத் தொகுப்பவர், உறுப்பினர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறார். கேள்விகள் வந்த வரிசையிலேயே உள்ளன.

கல்லடி, ஆசிரியை: கட்டுரை எத்தனை சொல் இருக்க வேண்டும்? வேர்டில் எப்படி அமைத்து அனுப்புவது?

டீச்சர், 600 முதல் 700 சொல். இதழ் மின்னஞ்சலாகவே போகிறது. ஒரு மடல் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜீமெயில் மிச்சத்தை வெட்டிவிட்டு, முழு மடலையும் பார்க்க ஒரு இணைப்பை மட்டும் அடியில் வைக்கும். அது பலர் கண்ணில் படுவதே இல்லை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் எழுத்து ஒன்றுக்கு மூன்று பைட், அதோடு சேரும் குறிக்கு இன்னும் மூன்று. ‘கொ’ என்று அடித்தால் ஆறு பைட் போய்விடும். ஒரு சொல் சராசரியாக 25 பைட்டுக்கு மேல் எடுக்கும், 700 சொல் ஏறத்தாழ 20 கிலோபைட். நான்கு கட்டுரை போட்டாலே 80 ஆகிறது. தலைப்புகளுக்கும் இணைப்புகளுக்கும் அமைப்புக் குறியீடுகளுக்கும் மீதி 20தான். நீங்கள் 1500 சொல் அனுப்பினால் இன்னொருவரின் கட்டுரை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். விஷயம் பெரிதென்றால் இரண்டு பகுதியாகப் பிரித்து, இரண்டையும் ஒன்றாக அனுப்புங்கள்.

வேர்டில் செய்ய வேண்டியது கொஞ்சம், செய்யக்கூடாதது நிறைய. தலைப்புக்கு ‘ஹெடிங் 1’, உபதலைப்புக்கு ‘ஹெடிங் 2’ என்ற ஸ்டைல்களைப் பயன்படுத்துங்கள். எழுத்தைத் தடிப்பாக்கிப் பெரிதாக்கினால் பார்வைக்குத் தலைப்பு மாதிரி இருக்கும், ஆனால் இதழ் வடிவத்துக்கு மாற்றும்போது அது சாதாரணப் பந்தியாகிவிடும். பந்திக்குப் பந்தி எண்டர் ஒரு தடவை மட்டும். இடைவெளிப் பொத்தானைத் தட்டித் தட்டி வரிகளை நேராக்க வேண்டாம். கைபேசித் திரையில் அந்த வரிகள் சிதறிவிடும். இரு பக்கமும் சமப்படுத்தவும் வேண்டாம், தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஒடுங்கிய திரையில் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெளி விழும். இடப்பக்கம் சேர்த்து விட்டாலே போதும். எழுத்துப் பெட்டி, வேர்ட் ஆர்ட், பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்தல், பக்க எண், அடிக்கோடு எதுவும் வேண்டாம். அடிக்கோடிட்ட சொல்லை வாசகர் இணைப்பென்று நினைத்துத் தொடுவார்.

நோட்பேடில் எழுதுகிறவர்கள் சேமிக்கும்போது குறியாக்கம் ‘யூ.டி.எஃப்-8’ என்று இருக்கிறதா எனப் பாருங்கள். விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து அது தானாகவே அப்படி இருக்கும். அதற்கு முந்திய நோட்பேடுகள் ‘அன்சி’ என்ற, தமிழுக்கு இடமில்லாத பழைய முறையை எடுத்துக்கொள்ளும். திரையில் வந்த எச்சரிக்கையை வாசிக்காமல் சரி என்று அழுத்தினால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகச் சேமிக்கப்படும். அதை யாராலும் மீட்க முடியாது. ஆகவே மூலப் பிரதியை அழிக்காதீர்கள், இதழ் வெளிவரும் வரைக்குமாவது.

ஓட்டமாவடி: பி.டி.எஃப். அனுப்பலாமா? அதில் எதுவும் கலையாதே.

அனுப்ப வேண்டாம். கலையாது என்பதுதான் அதில் பிரச்சினை, நான் கலைத்து வேறு வடிவத்தில் அடுக்க வேண்டும். பி.டி.எஃப். எழுத்துகளின் உருவங்களைப் பக்கத்தில் இன்ன இடத்தில் என்று வைக்கிறது. அதிலிருந்து பிரதியெடுத்து ஒட்டினால் ‘கொ’வின் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கமும் கால் இன்னொரு பக்கமும் நிற்கும், சில எழுத்துகள் காணாமலே போகும். வேர்ட் கோப்பு, இல்லையென்றால் வெறும் உரை.

வந்தாறுமூலை, மாணவர்: லினக்ஸ் கட்டளைகள் பற்றி எழுதுகிறேன். கட்டளைகளை எப்படிப் போடுவது?

தம்பி, வேர்ட் உங்களுக்குத் தெரியாமல் செய்யும் மூன்று திருத்தங்கள் கட்டளையைக் கெடுக்கும். நேர் மேற்கோள்குறியை வளைந்ததாக்கும். இரண்டு சிறுகோட்டைச் சேர்த்து ஒரு நீளக்கோடாக்கும். வரியின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும். லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு என்பதால் வாசகர் பிரதியெடுத்து ஒட்டியதும் ‘கட்டளை இல்லை’ என்று வரும். அவர் தன்மேல்தான் பிழை என்று நினைத்துக்கொள்வார்.

நிறுத்தும் வழி: ஃபைல், ஒப்ஷன்ஸ், புரூஃபிங், ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ். அங்கே ‘ஓட்டோஃபோமட் அஸ் யூ டைப்’ என்ற பக்கத்தில் மேற்கோள், சிறுகோடு இரண்டின் சரி அடையாளத்தையும் எடுங்கள். முதல் எழுத்துக்கான அடையாளம் பக்கத்துத் தாவலில் இருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் மாறிவிட்டதென்றால் உடனே கொன்ட்ரோல் இசட் அடித்தால் பழையபடி வரும்.

கட்டளை ஒவ்வொன்றையும் தனி வரியில் வையுங்கள், பின்னால் முற்றுப்புள்ளி வேண்டாம். அதைவிட நல்லது, எல்லாக் கட்டளைகளையும் ஒரு வெறும் உரைக் கோப்பில் தனியாகவும் அனுப்புவது, அதிலிருந்தே நான் எடுப்பேன். கோப்பை அழிக்கும் கட்டளை ஏதும் இருந்தால் எச்சரிக்கையைக் கட்டளைக்கு முந்திய வரியில் போடுங்கள். பிந்திய வரியில் போட்டால் வாசகர் அதற்கு முன்பே எண்டரைத் தட்டியிருப்பார்.

சாய்ந்தமருது: படங்களை வேர்டுக்குள் ஒட்டி, கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா?

படங்கள் தனிக் கோப்பாக வர வேண்டும். வேர்ட் சேமிக்கும்போது படத்தை அங்குலத்துக்கு 220 பிக்சலாகச் சுருக்கும், நீங்கள் இழுத்துச் சிறிதாக்கியிருந்தால் இன்னும் மோசம். வட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினாலும் சுருங்கும். ‘டொக்யுமென்ட்’ என்று இணைத்தால் உள்ளபடி வரும். மின்னஞ்சல் என்றால் ஜீமெயிலின் எல்லை 25 மெகாபைட், ஆனால் இணைத்த கோப்புகள் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். மொத்தம் 18க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கணினித் திரையைப் படம் பிடிக்க விண்டோஸ் பொத்தான், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் அழுத்திச் சதுரம் இழுங்கள். பி.என்.ஜி.யாகச் சேமியுங்கள். ஜேபெக் கமராப் படத்துக்கு நல்லது, திரையில் உள்ள எழுத்துகளைச் சுற்றி அது அழுக்கு மாதிரிப் புள்ளிகளை விடும். உரையில் படம் வர வேண்டிய இடத்தில் ‘படம் 1’ என்று எழுதி, அதில் என்ன தெரிகிறது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் படத்தில் இருந்தால் வேர்டில் அதன்மேல் கறுப்புப் பெட்டி வைத்து மறைக்காதீர்கள். பெட்டியை நகர்த்தினால் கீழே எல்லாம் அப்படியே இருக்கும். பெயிண்டில் திறந்து, நிரப்பிய சதுரத்தால் அடித்து, புதிய பெயரில் சேமியுங்கள். மறைக்காத மூலப் பிரதி உங்களிடமே இருக்கட்டும்.

கல்முனை, அச்சகம் நடத்துபவர்: பாமினி எழுத்துருவில் அடித்தது வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். இங்கே கல்யாண அழைப்பிதழிலிருந்து நினைவு மலர் வரைக்கும் பாமினிதான். எழுத்துருவையும் சேர்த்தே அனுப்பினேனே?

நானா, உங்கள் கட்டுரை நல்ல கட்டுரை, அதனால்தான் திருப்பி அனுப்பினேன். பாமினி தமிழை வைத்திருக்கவில்லை, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டியிருக்கிறது. ‘தமிழ்’ என்று நீங்கள் அடித்த சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது. எழுத்துரு உள்ள கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாத கைபேசியில் அந்த ஆங்கில எழுத்துகளே தெரியும். இதழை மின்னஞ்சலில் திறக்கிறவர் உங்கள் எழுத்துருவை நிறுவிவிட்டா வாசிப்பார்? தேடலிலும் அகப்படாது. பத்து வருடம் கழித்து ஒருவர் கூகுளில் தேடும்போது உங்கள் கட்டுரை இல்லாத கட்டுரைதான்.

களுவாஞ்சிக்குடி: கையால் எழுதியதைக் கைபேசியில் ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கி அனுப்பலாமா?

மேலே ஓட்டமாவடிக்குச் சொன்னதுதான். கைபேசியில் குரல் தட்டச்சு இருக்கிறது, வாசித்துவிடுங்கள். நிறுத்தக்குறிகளைப் பிறகு கையால் போடுங்கள்.

கல்முனை, மறுபடியும்: சரி, பாமினியை யூனிகோடாக (எல்லாக் கருவியும் தமிழைத் தமிழாகவே அறியும் பொதுக் குறியாக்கமாக) மாற்ற எத்தனையோ மாற்றிகள் இருக்கின்றன. ஒரு பொத்தான். அதை நீங்களே செய்யலாமே. உங்கள் யூனிகோடை, நாங்கள் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரில் போட்டால் எனக்குக் குப்பைதான் வருகிறது.

ஒரு பொத்தான்தான், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு மணித்தியால வேலை இருக்கிறது.

முதலாவது, ஆங்கிலம் கலந்த கட்டுரை. மாற்றிக்கு எது ஆங்கிலம் என்று தெரியாது, மென்பொருள் பெயர்களையும் இணைய முகவரிகளையும் அர்த்தமற்ற தமிழாக்கிவிடும். பாமினியில் ‘இ’ இருக்கும் இடம் ஆங்கிலக் காற்புள்ளி. ஆகவே ஆங்கில வரியில் உள்ள காற்புள்ளி எல்லாம் ‘இ’ ஆகும். கணினிக் கட்டுரையில் பந்திக்கு நாலு ஆங்கிலப் பெயர் வராமல் இருக்குமா?

இரண்டாவது, நம் தட்டச்சுப் பழக்கம். ‘ர்’ அடிக்க வேண்டிய இடத்தில் பலர் கால் குறியை அடித்து மேலே புள்ளி வைக்கிறார்கள். ‘ரி’க்கும் கால், இகரக் குறி. தாளில் வித்தியாசம் தெரியாது. மாற்றிய பிறகு ‘அவா்’, ‘வாிசை’ என்று நிற்கும். கண்ணுக்குச் சரி, ‘அவர்’ என்று தேடினால் வராது. இதற்கு மருந்து இருக்கிறது: தமிழில் கால் குறிக்குப் பிறகு புள்ளியோ இகரக் குறியோ வரும் சொல் கிடையாது, அதனால் நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் ‘ா்’ எல்லாவற்றையும் ‘ர்’ ஆகவும், ‘ாி’யை ‘ரி’ ஆகவும், ‘ாீ’யை ‘ரீ’ ஆகவும் யோசிக்காமல் மாற்றலாம். ஆனால் ‘கௌரவம்’ என்பதைக் ‘கெளரவம்’ என்றும், ‘ஔவை’யை ‘ஒளவை’ என்றும் அடித்ததை அப்படி மாற்ற முடியாது, ‘தெளிவு’ம் சேர்ந்து கெட்டுவிடும். அதைச் சொல் சொல்லாகத்தான் பார்க்க வேண்டும்.

பேஜ்மேக்கர் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பதிப்பு, யூனிகோட் தமிழ் அதில் ஓடாது. அதற்காக மூலத்தைப் பாமினியில் வைக்க வேண்டியதில்லை. யூனிகோடில் எழுதி, திருத்தி, முடிந்த பிறகு அச்சுக்கு மட்டும் ஒரு பிரதியைப் பாமினியாக்குங்கள். மூலப் பிரதி யூனிகோடிலேயே இருக்கட்டும். இன்டிசைன் வைத்திருந்தால் பந்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி கொம்போசர்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள், கொம்பும் காலும் சரியான இடத்தில் நிற்கும். காசு கொடுக்க விருப்பமில்லையென்றால் ஸ்கிரைபஸ் 1.6 இலவசம், தமிழைச் சரியாகக் காட்டும்.

ஏறாவூர், பார்வையற்ற உறுப்பினர்: இந்த வாதத்தில் நானும் ஒன்று சொல்லலாமா? நான் இதழை என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானில் கேட்கிறேன். பாமினிக் கோப்பு வந்தால் அது ஆங்கில எழுத்துகளைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்லும். படத்துக்கு விளக்கம் இல்லாவிட்டால் ‘படம்’ என்று சொல்லிவிட்டுத் தாண்டிவிடும்.

நானா, இதை நீங்களே சொன்னது நல்லது. கல்முனைக்கு என் விளக்கத்தைவிட இதுதான் பதில். ‘படம் 1’ என்ற இடத்தில் ஒரு வரி கேட்பதும் இதற்காகத்தான். “அமைப்புப் பக்கம்” என்று எழுதினால் போதாது. “அமைப்புப் பக்கத்தில் மேலிருந்து மூன்றாவது தெரிவு திறந்திருக்கிறது” என்று எழுதுங்கள்.

கல்முனை: விளங்கிவிட்டது. ஆனால் இருபது வருடமாகப் பாமினியில் பழகிய விரலை என்ன செய்வது?

விரலை மாற்ற வேண்டாம். எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டிலும் பாமினி விசைப்பலகை இருக்கிறது. அதே விசைகளை அடிப்பீர்கள், கோப்பில் யூனிகோட் விழும். ‘ர்’க்கு மட்டும் உண்மையான ‘ர’ விசையைப் பழகிக்கொள்ளுங்கள்.

அக்கரைப்பற்று: கூகுள் டொக்ஸ் இணைப்பு அனுப்பினால்?

‘இணைப்பு உள்ள எவரும்’ என்று அனுமதியை மாற்றிவிட்டு அனுப்புங்கள். மாற்றாவிட்டால் நான் அனுமதி கேட்க, நீங்கள் அதைப் பார்க்க, கடைசித் திகதி போய்விடும். அனுப்பிய பின் அதற்குள் திருத்த வேண்டாம், நான் எடுத்த பிரதிக்கு அந்தத் திருத்தம் வராது.

திருக்கோவில்: ஒரு பக்கம்தான், பி.டி.எஃப். பரவாயில்லையா?

இல்லை. ஒரு பக்கமும் வேர்டில்.

காத்தான்குடி: ஆங்கிலத் தளத்தில் வந்த கட்டுரையைத் தமிழாக்கி அனுப்பலாமா? மூலத்தின் பெயரைப் போடுவேன்.

பெயர் போடுவது அனுமதி ஆகாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி மொழிபெயர்க்கும் உரிமையும் எழுதியவருக்கே உரியது. எழுதியவருக்கு மடல் போட்டு அனுமதி வாங்கி, அந்தப் பதிலையும் எனக்கு அனுப்புங்கள். பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் உள்ளதென்றால் உரிமத்தின் பெயரைக் கட்டுரையின் அடியில் போடுங்கள். ‘என்.டி.’ என்று முடியும் வகை என்றால் மொழிபெயர்ப்பை வெளியிட அனுமதி இல்லை.

அதைவிட, நீங்களே செய்து பார்த்ததை எழுதுங்கள். கடற்காற்றில் ரவுட்டரின் இணைப்பு முனைகள் துருப்பிடிப்பதை எப்படித் தடுப்பது என்று ஆங்கிலத் தளங்களில் தேடி எடுப்பது கஷ்டம், காத்தான்குடியில் இருக்கிறவருக்கு அது தெரியும்.

நிந்தவூர்: மகளுக்கு எந்த லப்டொப் வாங்கலாம்?

இதை மாதக் கூட்டத்தில் கேளுங்கள், வன்பொருள் பார்க்கிறவர்கள் இருப்பார்கள்.

ஆரையம்பதி: கோப்புக்கு என்ன பெயர் வைப்பது?

ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல்: ஆண்டு, மாதம், உங்கள் பெயர், தலைப்பின் ஒரு சொல், நடுவில் சிறுகோடு. ஆண்டை முதலில் வைத்தால் கோப்புகள் தாமாகவே மாத வரிசையில் நிற்கும். திருத்தி அனுப்பினால் முடிவில் 2, 3 என்று இலக்கம் போடுங்கள். ‘கடைசி’, ‘புதுக்கடைசி’ என்று வந்தால் எது பிந்தியது என்று தெரியாது. படங்களுக்கும் அதே பெயர், பின்னால் படத்தின் இலக்கம்.

பொத்துவில்: இதழ் வந்த பிறகு என் கட்டுரையில் பிழை கண்டேன். திருத்தலாமா?

போன மடலைத் திருப்பி எடுக்க முடியாது. எந்தப் பந்தி, எந்த வரி, என்ன இருக்கிறது, என்ன வர வேண்டும் என்ற நான்கையும் எழுதி அனுப்புங்கள். சேமிப்புப் பிரதியில் திருத்தி, திருத்திய திகதியை அடியில் போடுவேன். வாசகரின் கோப்பை அழிக்கக்கூடிய கட்டளைப் பிழை என்றால் அன்றைக்கே தொலைபேசியில் சொல்லுங்கள், அதற்குத் தனி மடல் போகும்.